மொட்டை மாடியில் பூமியின் நிழலை அளந்த இரவு

2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை, ஆவணிப் பௌர்ணமி. அன்றிரவு இந்தியா முழுவதிலிருந்தும் தொடக்கம் முதல் முடிவு வரை பார்க்கக்கூடிய முழுச் சந்திர கிரகணம் நிகழ இருந்தது. திருச்சி உறையூரில் உள்ள எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து அதைப் பார்ப்பதோடு நில்லாமல், நிலவின் மீது விழும் பூமியின் நிழலை அளந்து, அந்த ஓர் அளவிலிருந்து நிலவின் விட்டத்தையும் தொலைவையும் என் கையாலேயே கணக்கிட்டுவிட வேண்டும் என்று இரண்டு மாதங்களுக்கு முன்பே முடிவு செய்திருந்தேன். தொலைநோக்கி என்னிடம் இல்லை. பத்து மடங்கு பெரிதாக்கும், 50 மி.மீ. வில்லை கொண்ட ஒரு பைனாகுலர், ஒரு டிரைபாட், ஒரு மொபைல் ஆகியவை மட்டுமே இருந்தன.

இந்த எண்ணத்துக்கு ஒரு பழைய செய்தி தூண்டுகோலாக இருந்தது. 1825 மே 31 இரவு ஒரு சந்திர கிரகணம் நிகழ்ந்தது. அதைப் புதுச்சேரிப் பக்கத்துத் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளை வைத்தும் நகர்த்தியும், எண்களைச் சொற்களாக்கி மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டும், தாளில் ஓர் எண்கூட எழுதாமல் ஜான் வாரன் என்னும் ஆய்வாளருக்குக் கணித்துக் காட்டினார். அவருடைய கணிப்பு தொடக்கத்தில் 4 நிமிடங்களும், நடுப்பகுதியில் 23 நிமிடங்களும், முடிவில் 52 நிமிடங்களும் மட்டுமே பிசகியது. அவர் சோழியால் செய்ததை என்னால் செய்ய இயலாது. ஆனால் வானத்தில் நடப்பதைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டு என் கண்ணால் சரிபார்ப்பது என்னால் இயலும் என்று தோன்றியது.

முதலில் நேரங்களைக் குறித்துக்கொண்டேன். புறநிழலுக்குள் (பூமி நிழலின் வெளிறிய வெளிப்பகுதி) நிலவு நுழைவது இரவு 8.58, கருநிழல் (நடுவிலுள்ள இருண்ட பகுதி) தொடுவது 9.57, முழுமையாக மறைவது 11.01, நடுப்பகுதி 11.42, முழு மறைப்பு முடிவது 12.23, கருநிழல் விலகுவது 1.27, புறநிழலும் நீங்குவது 2.25. முழு மறைப்பு மட்டும் 82 நிமிடங்கள் நீடிக்கும். இந்தப் பட்டியலைவிடத் தயாரிப்புக்கு அதிகம் உதவிய செய்தி, நிலவு வானில் எந்த உயரத்தில் நிற்கும் என்பதுதான். திருச்சியின் அட்சரேகை ஏறத்தாழ 10.8 பாகை, அன்று நிலவு வான நடுக்கோட்டுக்குத் தெற்கே ஆறு பாகை அளவில் இருந்தது. ஆகவே நள்ளிரவை ஒட்டி அது தொடுவானத்திலிருந்து 73 பாகை உயரத்தில், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே நிற்கும். நாற்காலியில் உட்கார்ந்தபடி அந்த உயரத்தைப் பத்து நிமிடங்கள் பார்த்தாலே கழுத்து இற்றுவிடும். டிரைபாடும் அந்தச் சாய்வுக்கு வளைந்துகொடுக்காது. கைப்பிடி காலில் இடிக்கும். எனவே முழு மறைப்பைக் கோரைப்பாயில் மல்லாந்து படுத்து, பைனாகுலரைக் கையில் பிடித்துப் பார்ப்பது என்றும், அளவெடுப்பு வேலைகளை எல்லாம் நிலவு 65 பாகைக்குக் கீழே இருக்கும் 10.40 மணிக்குள் டிரைபாடில் முடித்துவிடுவது என்றும் இரவை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். பலர் முழு மறைப்பு தொடங்கும் நேரத்துக்குத்தான் மாடிக்கு வருகிறார்கள். அளப்பவருக்கு அதற்கு முந்தைய ஒரு மணி நேரமே பொன்னானது.

மொபைலைப் பைனாகுலரோடு இணைப்பதுதான் தச்சு வேலை போல நேரம் பிடித்தது. பைனாகுலரின் கண்வில்லைக் குழாயை அளந்தபோது வெளிவிட்டம் 40 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக இருந்தது. குழாய்க் கடையில் 40 மி.மீ. பிவிசி கப்ளிங் ஒன்றை வாங்கி, உள்பக்கம் கறுப்புச் சார்ட் பேப்பரை இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டியதும் அது கண்வில்லையின் மேல் ஆடாமல் அமர்ந்தது. மறுமுனையை இரம்பத்தால் அறுத்துக் குட்டையாக்கி, மொபைலின் பழைய பின்கவர் ஒன்றில் கேமரா துளைக்கு நேராக எம்-சீல் கொண்டு பொருத்தினேன். முதல் முறை நிலவு பாதியாகத் தெரிந்தது. துளை ஒன்றரை மில்லிமீட்டர் விலகியிருந்தது. எம்-சீல் இறுகுவதற்குள் கழற்றி, மொபைலில் கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு, எதிர்த் தெருவிளக்கைப் பார்த்தபடி வட்டம் நடுவில் வரும் வரை நகர்த்தி ஒட்டியபோது சரியாக வந்தது. இதைச் செய்பவர்கள் அளவுகோலை நம்பாமல், திரையைப் பார்த்துக்கொண்டே ஒட்டுங்கள்.

ஒளியளவுக்கான ஒத்திகையை முந்தைய வார வளர்பிறையில் செய்தேன். தானியங்கி முறையில் விட்டால் மொபைல் கறுத்த வானத்தைப் பார்த்துக் குழம்பி, நிலவை வெள்ளைத் தட்டாக்கிவிடுகிறது. ப்ரோ முறைக்கு மாற்றி, ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் நொடியில் 250இல் ஒரு பங்கு, குவியம் முடிவிலி என்று நிலைநிறுத்தியபோது நிலவின் கறைகள் தெளிவாக விழுந்தன. திரையைத் தொட்டால் படம் அதிர்வதால், மூன்று நொடி டைமரை வைத்துக்கொண்டேன்.

அன்று மாலை ஆறரை வரை வானம் மேகத்தால் மூடியிருந்தது. எட்டு மணிக்குத் தென்மேற்கிலிருந்து காற்று எழுந்து மேகங்கள் பிளந்தன. என் அம்மா கிரகணத்துக்கு முன்பே சமையலை முடித்து, மாவுப் பாத்திரத்திலும் தயிரிலும் தர்ப்பையைக் கிள்ளிப் போட்டுவிட்டு, கிரகணம் விட்ட பிறகு குளித்துவிட்டுத்தான் அடுத்த வாய்ச் சோறு என்று சொல்லிவிட்டார். அது அவருடைய நெறி. நான் அதில் தலையிடவில்லை. ஆனால் அவர் கதவருகே நின்று, "கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதேப்பா?" என்று கேட்டபோது, சூரிய கிரகணத்துக்குத்தான் கண்ணுக்குக் காப்பு வேண்டும் என்றும், இது நிலவின் மேல் விழும் நம் பூமியின் நிழல் மட்டுமே என்பதால் பௌர்ணமி நிலவைப் பார்ப்பதைவிடவும் கூச்சம் குறைவு என்றும் விளக்கினேன். பதினொன்றேகாலுக்கு அவரும் மேலே வந்தார்.

முதல் அளவை 8.15க்கு, கிரகணம் தொடங்கும் முன்பே எடுத்தேன். நிலவு வானத்தில் எவ்வளவு கோணத்தை அடைக்கிறது என்று தெரிந்தால்தான் பின்னர் தொலைவைக் கணக்கிட இயலும். அதற்கு ஒரு கடிகாரம் போதும். பூமி சுழல்வதால் வானம் மணிக்கு 15 பாகை மேற்கே நகர்கிறது; நிலவு தன் பாதையில் மணிக்கு ஏறத்தாழ அரைப் பாகை கிழக்கே பின்வாங்குகிறது; எஞ்சுவது 14.5 பாகை. டிரைபாடில் பைனாகுலரை அசையாமல் நிறுத்தி, நிலவு காட்சி வட்டத்தின் நடுவழியாகச் சென்று விளிம்பைத் தொடுமாறு வைத்துவிட்டு, அது விளிம்பைத் தொட்ட கணத்திலிருந்து முழுமையாக மறைந்த கணம் வரை எண்ணினோம். என் மகள் மொபைலின் நிறுத்துக்கடிகாரத்தை இயக்கினாள். நான்கு முறை செய்ததில் 2 நிமிடம் 13, 16, 14, 17 நொடிகள் கிடைத்தன. சராசரி 2 நிமிடம் 15 நொடி. மணிக்கு 14.5 பாகை என்பது நிமிடத்துக்கு 14.5 கலை (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கே கலை), ஆகவே நிலவின் கோண அளவு 32.6 கலை, அதாவது அரைப் பாகைக்குச் சற்று அதிகம். வட்ட விளிம்பு நேர்கோடு அல்ல என்பதால் சிறு பிழை உண்டு. ஆனால் காட்சி வட்டம் நிலவைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலமானது என்பதால் அதைப் பொருட்படுத்தவில்லை.

புறநிழல் தொடங்கியது கண்ணுக்குத் தெரியவே இல்லை. 9.35க்குத்தான் நிலவின் இடப்புறம் புகை படிந்ததுபோல் மங்கியதை உணர்ந்தோம். இடப்புற விளிம்பில் சற்றுக் கீழாகக் கருமை உறுதியாகக் கடித்தது என்று நாங்கள் இருவரும் ஒப்புக்கொண்ட நேரம் 9.59. கணித்த நேரத்தைவிட இரண்டு நிமிடம் தாமதம். கருநிழலின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இராமல், காற்றுமண்டலத்தால் கலங்கிய ஓரமாக இருப்பதால் இது நேர்கிறது. வளிமண்டலம் பூமியின் நிழலைக் கணக்குப்படி இருக்கவேண்டிய அளவைவிட ஏறத்தாழ 50இல் ஒரு பங்கு பெரிதாக்குகிறது; இந்தப் பெருக்கத்தைப் பிரெஞ்சு வானியலாளர் லா ஈர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கவனித்திருக்கிறார். அந்தப் பெருக்கத்தைக் காண்பதற்கு விளிம்பின் தொடுநேரத்தைவிட, நிலவின் பள்ளங்கள் ஒவ்வொன்றாக நிழலில் மூழ்கும் நேரத்தைக் குறிப்பதே சிறந்த வழி; ஏனெனில் பள்ளம் ஒரு புள்ளி, விளிம்பு ஒரு மங்கல்.

நான் நான்கு குறிகளைத் தேர்ந்தெடுத்திருந்தேன். கருத்த கிரிமால்டி 10.04க்கு மூழ்கியது. கோப்பர்னிக்கஸ் 10.17. தென்பகுதியில் வெள்ளைக் கதிர்களை எறிந்துகொண்டிருக்கும் டைக்கோ 10.39, பத்து மடங்குப் பைனாகுலரில் இதுவே எளிதாகக் குறிக்கக்கூடியது. மறுவிளிம்பருகே உள்ள, கடல் எனப்படும் கருஞ்சமவெளியான கிரைசியத்தின் நடு 10.48. இடையில் 10.10 முதல் 10.15 வரை ஒரு மேகம் மூடியது. அந்த ஐந்து நிமிடங்களில் குறி எதுவும் வராதது என் நற்பேறு. ஒரு நிமிடத் துல்லியத்தோடு நிழலின் பெருக்கத்தை அளந்துவிட இயலாது என்பதை இதைச் செய்த பிறகுதான் உணர்ந்தேன்; பத்து நொடிக்குள் குறிக்க வேண்டும், இருபது பள்ளங்களாவது வேண்டும், அதற்குத் தொலைநோக்கி தேவை. ஆயினும் பூமியின் நிழல் ஓர் ஊரைக் கடப்பதுபோல் நிலவின் பெயருள்ள இடங்களை ஒவ்வொன்றாகக் கடந்து செல்வதைக் கடிகாரத்தோடு பின்தொடர்வது, வெறுமனே "நிலவு சிவந்தது" என்று பார்ப்பதிலிருந்து முற்றிலும் வேறான அனுபவம்.

இந்த இடைவெளிகளில் மகள் படங்களை எடுத்துக்கொண்டிருந்தாள். மொத்தம் 46 படங்கள். அவற்றைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

10.55க்குப் பிறகு ஒளிர்ந்துகொண்டிருந்தது வலப்புறத்தில் ஒரு கீற்று மட்டும். அந்தக் கீற்றுக்கும் செம்மைக்கும் இடையே, பைனாகுலரில் மட்டும், மயில்கழுத்து நிறத்தில் மிக மெல்லிய ஒரு பட்டை தெரிந்தது. பூமியின் உயர் வளிமண்டலத்தில் உள்ள ஓசோன் செந்நிற ஒளியை ஓரளவு உறிஞ்சிக்கொள்வதால், அந்த அடுக்கின் வழியே வளைந்து வரும் ஒளி நீலம் தோய்ந்து நிழலின் ஓரத்தில் விழுகிறது. இரண்டு மூன்று நிமிடங்களே நிற்கும் இதைப் பலர் தவறவிடுகிறார்கள். முழு மறைப்புக்கு ஐந்து நிமிடம் முன்பும், அது முடிந்த ஐந்து நிமிடத்துக்குள்ளும் மட்டுமே இதைத் தேட வேண்டும், வெறுங்கண்ணுக்கு எட்டாது.

பாய்க்கு மாறிய பிறகு நிலவு செம்புக் கிண்ணம் போல மேலே தொங்கியது. சற்று முன்பு வரை பௌர்ணமி ஒளியில் அடங்கியிருந்த விண்மீன்கள் எங்கள் ஊர் வெளிச்சத்தையும் மீறி வெளிப்பட்டன. நிலவுக்குக் கிழக்கே சனிக்கோள், தெற்கே வெகு கீழே ஃபோமல்ஹாட், உச்சிக்கு அருகே மார்க்காப். முழு மறைப்பின் நிறத்தை மதிப்பிடப் பிரெஞ்சு வானியலாளர் ஆந்த்ரே தாஞ்சோன் வகுத்த சுழியம் முதல் நான்கு வரையிலான அளவுகோல் உண்டு. நிலவு கிட்டத்தட்டக் காணாமற்போனால் சுழியம். சாம்பலும் பழுப்புமானால் ஒன்று. நடுவில் கருத்துத் துருச்சிவப்பாக இருந்தால் இரண்டு. விளிம்பில் ஒளியோடு செங்கல் நிறமானால் மூன்று. செம்பும் ஆரஞ்சுமாகச் சுடர்ந்தால் நான்கு. 11.42க்கு நான் இரண்டரை என்று எழுதினேன். மகள் தனியாக எழுதியிருந்த எண் மூன்று. நிலவு நிழலின் நடுவைவிட்டுச் சற்றுத் தெற்கே ஒதுங்கிக் கடந்ததால், அதன் மேல்பாதி ஆழ்ந்த துருநிறத்திலும் அடிவிளிம்பு வெளிறியும் இருந்தன. முழுத் தட்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுக்கச் சொன்னால் கண்கள் இந்த இரண்டில் ஏதோ ஒன்றின் பக்கம் சாய்வது இயல்பே.

நிலவின் மொத்த ஒளியை அளக்க இன்னொரு எளிய வழியையும் முயன்றேன். பைனாகுலரைத் தலைகீழாகத் திருப்பிப் பெரிய வில்லைப் பக்கம் கண்ணை வைத்தால் நிலவு பத்து மடங்கு சுருங்கி ஒரு புள்ளியாகிறது. அதன் ஒளி நூறில் ஒரு பங்காக, அதாவது ஐந்து ஒளித்தரம் குறைவாகத் தெரிகிறது (ஒளித்தரம் என்பது விண்பொருளின் ஒளியை மதிப்பிடும் அளவு; எண் சிறிதானால் ஒளி அதிகம்). அந்தப் புள்ளியை மறுகண்ணால் வெறுமனே பார்க்கும் விண்மீனோடு ஒப்பிட வேண்டும். 11.45க்கு அது 2.5 ஒளித்தரம் கொண்ட மார்க்காபுக்கு ஏறத்தாழச் சமமாக இருந்தது. ஆகவே நிலவின் ஒளித்தரம் மைனஸ் 2.5 அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். பௌர்ணமி நிலவுக்கு அது மைனஸ் 12.7. பத்துத் தர வேறுபாடு என்றால் ஒளி பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மாடிக் கைப்பிடிச் சுவரின் நிழல் எப்போது காணாமற்போனது என்று நாங்கள் கவனிக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்தப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஒளியும் எங்கிருந்து வருகிறது என்று அம்மா கேட்டார். நிலவில் நின்று பார்த்தால் அந்நேரம் பூமி சூரியனை மறைத்திருக்கும். பூமியைச் சுற்றி ஒரு செந்நிற வளையம் எரியும். அந்த வளையம், அக்கணத்தில் உலகெங்கும் விடிந்துகொண்டிருக்கும் ஊர்களின் விடியலும், பொழுது சாய்ந்துகொண்டிருக்கும் ஊர்களின் அந்தியும் சேர்ந்த ஒளி என்றேன். அம்மா வெகுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

12.23க்கு நிலவின் இடப்புற விளிம்பில் வெள்ளொளி மீண்டது. எங்கள் குறிப்பில் 12.22, ஒரு நிமிடம் முந்தி. கருநிழல் விலகியதாக எழுதியது 1.25, கணிப்பு 1.27. நுழைவில் இரண்டு நிமிடம் தாமதமும் விலகலில் இரண்டு நிமிட முந்தலும் ஒரே காரணத்தால் வருபவை; கலங்கிய ஓரத்தின் மெல்லிய பகுதியைக் கண் நிழலாக ஏற்பதில்லை.

அடுத்த நாள் மாலை படங்களை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குச் சென்றேன். நிலவின் ஆரம் சரியாக 50 மி.மீ. வருமாறு மூன்று படங்களை அச்சிட்டு, பெரிய சார்ட் பேப்பரின் ஒரு முனையில் ஒட்டினேன். நிழலின் விளிம்பில் ஐந்து புள்ளிகளைக் குறித்து, இரண்டிரண்டு புள்ளிகளை இணைக்கும் நாண்களுக்கு நடுக்குத்துக் கோடுகளை வரைந்தால், அவை சந்திக்கும் இடமே பூமி நிழலின் மையம். பத்தாம் வகுப்பு வடிவியல்தான். ஜாமெட்ரி பாக்ஸ் கவராயம் அவ்வளவு அகலமாக விரியாததால் குண்டூசியும் நூலும் கொண்டு வட்டத்தைச் சரிபார்த்தோம்.

முதல் படம் ஏமாற்றியது. ஆரம் 105 மி.மீ. வந்தது, நிலவைப்போல் 2.1 மடங்கு மட்டுமே. எங்கே தவறு என்று ஒரு மணி நேரம் தேடிய பின், அது மேகத்துக்குப் பிறகு மகள் ஷட்டரை நொடியில் 30இல் ஒரு பங்காக மாற்றி எடுத்த படம் என்பது தெரிந்தது. ஒளி மிகுந்துவிட்டால் பிறையின் இரு கொம்புகளும் நிலவின் ஓரத்தைப் பற்றிக்கொண்டு நீள்கின்றன. அதனால் நிழலின் வளைவு உண்மையைவிடக் கூர்மையாகி, ஆரம் குறைகிறது. பார்வைக்கு மூன்றில் அதுவே மிக அழகான படம். அளவுக்கு உதவியவை 10.25க்கும் 10.34க்கும் எடுத்த, சற்று இருண்ட, யாரும் சுவரில் மாட்ட விரும்பாத இரண்டு படங்கள். அவற்றில் ஆரம் 127, 135 மி.மீ.; சராசரி 131. நிழல், நிலவைப்போல் 2.62 மடங்கு.

இதற்குப் பிறகு வருவது கிரேக்க அறிஞர் அரிஸ்டார்க்கஸ் சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்பு கையாண்ட சிந்தனையின் எளிய வடிவம். சூரியனும் நிலவும் வானில் ஏறத்தாழ ஒரே கோண அளவில் தெரிவதால், பூமியின் நிழல் நிலவின் தொலைவை எட்டும்போது அதன் அகலத்தில் நிலவின் ஒரு விட்டம் குறைந்திருக்கும். எனவே குறுகிய நிழலோடு ஒன்றைக் கூட்டினால் பூமி கிடைக்கும்: 3.62 நிலவு விட்டங்கள். பூமியின் சராசரி விட்டம் 12,742 கி.மீ. என்பதை எடுத்துக்கொண்டு வகுத்தால் நிலவின் விட்டம் 3,520 கி.மீ. உண்மை அளவு 3,474. பிழை நூற்றுக்கு ஒன்றரைக்கும் குறைவு. 32.6 கலை கோணத்தில் தெரியும் பொருள் தன் விட்டத்தைப்போல் 105 மடங்குக்குச் சற்று அதிகமான தொலைவில் இருக்கும். ஆகவே நிலவின் தொலைவு சுமார் 3,71,000 கி.மீ. அதன் சராசரித் தொலைவு 3,84,400 என்றாலும், செப்டம்பர் 10 அன்று நிலவு தன் பாதையில் பூமிக்கு மிக நெருங்கிய புள்ளியை அடைய இருந்ததால், ஏழாம் தேதி அது சராசரியைவிட அருகில்தான் இருந்தது. எங்கள் எண் குறைந்து வந்தது சரியான திசையிலேயே.

இரு படங்களுக்கும் இடையே 8 மி.மீ. வேறுபாடு இருந்ததை நான் மறைக்க விரும்பவில்லை. விடையின் நெருக்கத்தில் நற்பேற்றின் பங்கும் உண்டு; 127ஐ மட்டும் எடுத்திருந்தால் விட்டம் 3,600 வந்திருக்கும். இன்னும் பத்துப் படங்களை ஒரே ஒளியளவில் எடுத்து வரைந்தால்தான் இந்த எண்ணை முழுமையாக நம்பலாம்.

அதற்கான அடுத்த வாய்ப்பு, 2026 மார்ச் 3 மாலை. அன்று திருச்சியில் நிலவு எழும்போதே கருநிழலிலிருந்து பாதிக்கு மேல் வெளியேறியிருக்கும், 6.48க்கு நிழல் விலகிவிடும். அந்தி வெளிச்சத்தில், தொடுவானத்தை ஒட்டி, ஏறத்தாழ 20 நிமிடங்களே கிடைக்கும். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் நிலவு எழும் அந்தக் கிழக்குத் திசையில்தான் மலைக்கோட்டை நிற்கிறது. இவ்வாரம் காம்பஸை எடுத்துக்கொண்டு, பாறை மறைக்காத ஒரு மாடியைத் தேடத் தொடங்கியிருக்கிறோம். முழு மறைப்பைத் தொடக்கம் முதல் முடிவு வரை மீண்டும் இங்கிருந்து காண 2028 டிசம்பர் 31 இரவு வரை காத்திருக்க வேண்டும். கப்ளிங்கைப் பின்கவரோடு சேர்த்துத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.